சுவரை வைத்துத்தான் சித்திரம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். எங்கள் செட்டில் பெரும்பாலோர் இரண்டாவதைப் பார்த்தாயிற்று. இப்போது முதலாவதில் இறங்கியிருக்கிறோம். வாரத்துக்கு இரண்டு பேராவது எனக்குப் போன் செய்து, "டேய், செங்கலா, பிளாக்கா? பட்டி பார்க்கலாமா, வேண்டாமா? ஹாலுக்கு என்ன கலர்?" என்று கேட்கிறார்கள். செயலாளர் அண்ணனிடம் இதைச் சொன்னேன். "அப்போ அதையே பேசு. ஆனா மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், கம்ப்யூட்டர் எல்லாம் உக்கார்ந்திருப்பாங்க. ஃபார்முலா போடாதே" என்றார். ஃபார்முலா இல்லாமல் பேசுகிறேன்.

நான் சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம்தான். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்று நம் பாட்டிமார்கள் சொன்னார்களே, அது கட்டடப் பொறியியல். நாம் இப்போது சித்திரத்தை வைத்துக்கொண்டு சுவரைத் தேடுகிறோம். முதலில் போனில் ஒரு படம் பார்க்கிறோம். அதே நிறம், அதே வழவழப்பு வேண்டும் என்கிறோம். அதற்கேற்ற பெயின்ட், அதற்கேற்ற பட்டி, அதற்கேற்ற பூச்சு என்று பின்னாலிருந்து முன்னால் வருகிறோம். கடைசியில், "சுவர் ஏதோ ஒண்ணு வச்சுக் கட்டுங்க மேஸ்திரி" என்று விட்டுவிடுகிறோம். வரிசை நேர்மாறாக இருக்க வேண்டும். முதலில் மனையின் மண்ணும் தண்ணீரும் வெயிலும். அடுத்து அதற்கேற்ற சுவர். பிறகு அந்தச் சுவருக்கேற்ற பூச்சு. கடைசியில்தான் பெயின்ட். பெயின்டை ஐந்து வருஷத்தில் மாற்றிக்கொள்ளலாம். சுவரை மாற்ற முடியாது.

முதல் கேள்வி, சுவர் எதைத் தாங்கப் போகிறது என்பது. தூண், பீம் எல்லாம் கான்கிரீட்டில் போட்டுக் கட்டுகிற வீட்டில் சுவர் ஒரு மறைப்பு மட்டும்தான். பாரத்தைத் தூண் பார்த்துக்கொள்ளும். தூண் இல்லாமல் கட்டும் வீட்டில் மாடி முழுவதையும் சுவர்தான் சுமக்கிறது. இந்த இரண்டுக்கும் ஒரே கல்லைப் பரிந்துரை செய்பவர் யாராக இருந்தாலும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

செங்கல் நமக்குத் தெரிந்த பழைய நண்பன். ஆனால் எல்லாச் செங்கல்லும் செங்கல் அல்ல. மெட்டீரியல்ஸ் லேபில் நாம் எல்லோரும் கல்லை உடைத்து ரெக்கார்டு நோட்டு எழுதினவர்கள்தான். அந்த மெஷின் இல்லாமலே நீங்கள் பார்க்கலாம். இரண்டு கல்லை எடுத்துத் தட்டினால் கணீரென்று ஓசை வர வேண்டும். மூன்றடி உயரத்திலிருந்து மண் தரையில் போட்டால் உடையக்கூடாது. நகத்தால் கீறினால் கோடு விழக்கூடாது. நன்றாகக் காய்ந்த கல்லை நிறுத்துப் பார்த்துவிட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து மறுபடியும் நிறுங்கள். சாதாரணச் செங்கல் தன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அதாவது 3 கிலோ கல், ஊறிய பிறகு 3.6 கிலோவைத் தாண்டக்கூடாது. சமையலறைத் தராசு போதும். லோடு இறக்குவதற்கு முன் பத்துக் கல்லை எடுத்து இதைச் செய்துவிட்டால், பிறகு யாரோடும் சண்டை போட வேண்டியதில்லை.

அடுத்தது ஃப்ளை ஆஷ் கல். மேட்டூர், தூத்துக்குடி, வடசென்னை மாதிரி அனல் மின்நிலையங்களில் நிலக்கரி எரிந்து மிஞ்சும் சாம்பலில் செய்வது. சூளை கிடையாது, மேல்மண்ணைத் தோண்ட வேண்டியதும் இல்லை. அளவு ஒரே சீராக இருப்பதால் பூச்சுக்கான கலவை குறைகிறது. ஆனால் இதைத் தயாரித்த பிறகு ஈரத்தில் வைத்துப் பதப்படுத்த வேண்டும். ஆர்டர் நெருக்குகிறது என்று நாலாம் நாளே லாரியில் ஏற்றி அனுப்பிய கல், சுவரில் ஏறிய பிறகு சுருங்கும். சுருங்கினால் விரிசல்தான். தயாரித்த தேதியைக் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

கொங்குப் பகுதியில் ஹாலோ பிளாக் அதிகம். வேலை சீக்கிரம் முடியும், செலவும் குறையும். ஆனால் வெளிச்சுவர் மெல்லிய ஓடு மாதிரி இருப்பதால், மழை சாய்வாக அடிக்கிற பக்கம் பூச்சில் சிறு விரிசல் விழுந்தாலும் தண்ணீர் உள்ளே இறங்கும். மழைக்காற்றுப் பக்கம் மட்டுமாவது கூடுதல் கவனம் வேண்டும்.

இப்போது எல்லோரும் கேட்பது ஏஏசி பிளாக். உள்ளே காற்றுக் குமிழிகளோடு ரொட்டி மாதிரி உப்பவைத்து, நீராவி அழுத்தத்தில் வேகவைத்த கல். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், பத்தடி உயரத்துக்குக் கட்டினால், ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 1,300 கிலோ எடை வரும். எட்டு அங்குல ஏஏசி சுவர் அதே இடத்தில் 400 கிலோதான். அடுக்குமாடிக் கட்டடத்தில் இது பெரிய லாபம். தூணிலும் அஸ்திவாரத்திலும் கம்பி குறைகிறது. வெப்பம் கடத்துவதும் செங்கல்லைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அப்புறம் என்ன குறை என்றால், இதற்கென்று உள்ள மெல்லிய ஒட்டுக் கலவையில் கட்ட வேண்டும். பழைய பழக்கத்தில் அரை அங்குலச் சிமென்ட் கலவை போட்டுக் கட்டினால் கல் அந்தத் தண்ணீரை உறிஞ்சிவிட்டு விரிசல் விடும். சாதா ஆணி நிற்காது. கனமான அலமாரி மாட்ட அதற்கான ஆங்கர் வேண்டும். தூண் இல்லாத வீட்டில் மாடியைச் சுமக்க இதை நம்பி இறங்க வேண்டாம்.

செலவைக் குறைத்துக் குளுமையும் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. திருவனந்தபுரத்தில் இருந்து பணியாற்றிய லாரி பேக்கர், தம் வாழ்நாள் முழுவதும் பரப்பியது எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்கப் போடாமல் நிமிர்த்தி வைத்து, நடுவில் பொந்து விட்டுக் கட்டுவது. அதே ஒன்பது அங்குலச் சுவருக்குக் கல் ஏறக்குறைய கால் பங்கு குறைகிறது. நடுவில் நிற்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கிறது. ஆரோவில்லில் மண்ணோடு சுமார் 5 சதவீதம் சிமென்ட் கலந்து, அழுத்திச் செய்த கல்லில் மாடிக் கட்டடங்களே எழுப்பியிருக்கிறார்கள். ஒரு நாள் போய்ப் பார்த்து வாருங்கள். ஆனால் இரண்டுக்கும் பழகிய கொத்தனார் வேண்டும். பழகாதவர் கையில் கொடுத்துவிட்டு, "லாரி பேக்கர் சொன்னது சரியில்லை" என்று சொல்லக்கூடாது.

வெப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. "ஏஏசி போட்டும் வீடு கொதிக்குதுடா" என்று ஒரு நண்பன் சொன்னான். ஒற்றை மாடி வீட்டில் வெயிலை அதிகம் வாங்குவது சுவர் அல்ல, மேல்தளம். தளத்தை வெறும் கான்கிரீட்டாக விட்டுவிட்டு, சுவரில் எவ்வளவு செலவழித்தாலும் குடையில்லாமல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மழையில் போகிற கதைதான். முதலில் தளத்தில் தட்டோடு பதியுங்கள், அல்லது வெள்ளைப் பூச்சாவது பூசுங்கள். அடுத்தது மேற்குச் சுவர். மத்தியான வெயில் முழுவதையும் அது குடித்து வைத்துக்கொண்டு, ராத்திரி பத்து மணிக்கு நம் கட்டிலுக்குப் பக்கத்தில் திருப்பித் தருகிறது. ஆகவே படுக்கையறையை மேற்கில் வைக்காமல், மாடிப்படி, குளியலறை, ஸ்டோர் ரூம் என்று வையுங்கள். முடியாவிட்டால் அந்த ஒரு சுவரை மட்டுமாவது எலிப்பொறிக் கட்டிலோ, ஏஏசியிலோ கட்டலாம். வெளியே வெளிர் நிறம் அடியுங்கள். ஒரு வேப்பங்கன்று நடுங்கள். இதற்கெல்லாம் கரண்டு பில் கிடையாது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அது தண்ணீர். சுவருக்கு எதிரி வெயில் அல்ல, பாரம்கூட அல்ல, தண்ணீர்தான். நம் ஊரில் இதற்கு நல்ல சொல் இருக்கிறது, ஓதம் என்போம். விளக்கில் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி, கல்லும் கலவையும் மண்ணிலிருந்து தண்ணீரை மேலே இழுக்கின்றன. அந்தத் தண்ணீரோடு மண்ணிலுள்ள உப்பும் ஏறுகிறது. தண்ணீர் சுவரின் முகத்துக்கு வந்து காற்றில் போய்விடும். உப்பு போகாது. அங்கேயே படிகமாகி, பெயின்டையும் பூச்சையும் உள்ளிருந்து தள்ளும். இதைத்தான் சுவர் உப்புப் பூத்திருக்கிறது என்கிறோம்.

கடலூர்ப் பக்கம் ஓய்வு பெற்ற ஒரு தலைமை ஆசிரியை இருக்கிறார். சேமநல நிதியில் கட்டிய வீடு. தரைத்தள அறையில் சுவர் இரண்டடி உயரத்துக்கு ஓதம். முதல் வருஷம் பெயின்ட் கடையில் சொன்னபடி வாட்டர்புரூஃப் பெயின்ட் அடித்தார். ஒரு மழைக்காலம்தான் தாங்கியது. அடுத்த முறை பூச்சைச் சொறிந்து, பட்டி பார்த்து, மறுபடியும் பெயின்ட். மூன்றாவது முறை, "டைல்ஸ் ஒட்டிட்டா வெளியே தெரியாதும்மா" என்று யாரோ சொல்ல, நாலடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டினார்கள். அடுத்த கார்த்திகையில் ஓதம் டைல்ஸுக்கு மேலே, ஐந்தடியில் வந்து நின்றது. வெளியேற வழியில்லாத தண்ணீர் வழி கிடைக்கும் உயரம் வரைக்கும் ஏறத்தானே செய்யும்? சுவர் மூலையில் கறுப்புப் பூஞ்சை. அந்த அம்மாவுக்கு ஏற்கெனவே இழுப்பு உண்டு. ராத்திரி அந்த அறையில் படுக்க முடியாமல் வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கிக்கொண்டிருந்தார்.

நான் போய்ப் பார்த்தபோது சுவரைப் பார்ப்பதற்கு முன் தெருவைப் பார்த்தேன். ரோடு மேல் ரோடு போட்டுப் போட்டு, தெரு வீட்டு வாசலைவிட உயர்ந்திருந்தது. மழைத் தண்ணீர் உள்ளே வராமலிருக்க, வீட்டுக்காரரே சுற்றிலும் மண் கொட்டி மேடாக்கியிருந்தார். அஸ்திவாரத்துக்கு மேல், தரைமட்டத்தில் ஓதம் ஏறாமல் தடுக்க ஒரு பட்டை போடுவோம் அல்லவா, டிபிசி என்கிறோமே, அது அந்த மண்ணுக்குள் ஒன்றரை அடி ஆழத்தில் புதைந்து கிடந்தது. மண் நேராகச் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. பெயின்ட் என்ன செய்யும் பாவம்?

மண்ணை வெட்டி எடுத்துச் சுவரை ஒட்டிச் சரிவாக ஒரு வாய்க்கால் விட்டோம். டைல்ஸைப் பெயர்த்தோம். பூச்சைக் கல் தெரியும்வரை கொத்தி எடுத்துவிட்டு, தை முதல் ஆனி வரை சுவரை அப்படியே காயவிட்டோம். வந்த உறவினர்கள் எல்லாம், "என்ன இது, வீட்டை உரிச்சுப் போட்டிருக்கீங்க" என்று கேட்டார்கள். அந்த அம்மா பொறுத்துக்கொண்டார்கள். அதன் பிறகு சுண்ணாம்பு சேர்த்த மெல்லிய கலவையில் பூசி, சுண்ணாம்பே அடித்தோம். இவ்வளவுக்கும் ஆன செலவு, முன்பு மூன்று முறை மறைக்கச் செய்த செலவைவிடக் குறைவு. ஐப்பசி மழைக்குப் பிறகும் சுவர் காய்ந்திருந்தது. அந்த அம்மா உள்ளே கட்டிலில் படுத்துத் தூங்கினார்கள்.

சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று தமிழக அரசின் தலைமைச் செயலாளர் 2021-ல் அறிவுறுத்தினார். அதை நினைவுபடுத்துகிற உரிமை நமக்கு உண்டு. ஆனாலும் வீடு கட்டும்போதே பேஸ்மட்டத்தைத் தெருவிலிருந்து தாராளமாக உயர்த்திவிடுங்கள். பீம் மேல் சுவர் எழுப்புவதற்கு முன் ஓதத் தடுப்புப் பூச்சு போட்டார்களா என்று நேரில் பாருங்கள். பிறகு பார்க்க முடியாது.

அடுத்தது பூச்சு வேலை. ஆற்று மணல் அருகிவிட்டது. எம்-சாண்ட், பூச்சுக்குப் பி-சாண்ட் என்று வந்துவிட்டோம். 2016-ல் திருத்திய இந்தியத் தரத்திலேயே அரைத்த மணலுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கிரஷர் தூசியை எம்-சாண்ட் என்று சொல்லி இறக்கினால் பயப்பட வேண்டியதுதான். ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி மணல் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கலக்கி வையுங்கள். மேலே படியும் தூசி கனமாக இருந்தால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள்.

கலவையில் சிமென்ட் அதிகம் போட்டால் நல்லது என்பது நம் மக்களின் நம்பிக்கை. சுவரைவிடப் பூச்சு வலுவாக இருக்கக்கூடாது. இருந்தால் அது சுருங்கும்போது தானும் வெடித்து, கல்லின் தோலையும் உரித்துக்கொண்டு வரும். உள்பக்கம் ஒன்றுக்கு ஐந்து அல்லது ஆறு, அரை அங்குலக் கனம் போதும். வெளிப்பக்கம் கொஞ்சம் கூடுதல். கான்கிரீட் தூணும் சுவரும் சேரும் இடத்தில் கோழிவலை அடித்துப் பூசச் சொல்லுங்கள். இல்லையென்றால் அங்கே தூணின் படத்தை வரைந்த மாதிரி ஒரு விரிசல் வரும். கியூரிங் குறைந்தது ஏழு நாள். நம் பொறியியல் முழுவதும் ஹோஸ் பைப்பைப் பிடிக்கிற அந்தத் தொழிலாளியின் கையில்தான் இருக்கிறது. அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, ஏன் தண்ணீர் விடச் சொல்கிறோம் என்று சொல்லிப் பாருங்கள். நிச்சயம் பலன் உண்டு.

தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்பதற்காக ஜிப்சம் பூச்சைச் சொல்வார்கள். வழவழப்பாக வரும், வேலையும் சீக்கிரம். மாடி அறைகளுக்குச் சரி. தண்ணீரில் நின்றால் இளகிவிடும். 2015 டிசம்பரில் சென்னை, 2023 டிசம்பரில் மறுபடியும் சென்னை, அதே மாதம் தூத்துக்குடி, நெல்லை என்று பார்த்துவிட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாழ்வான பகுதியில் தரைத்தளத்துக்கு ஜிப்சம் வேண்டாம், மரப் பலகைப் பேனலும் வேண்டாம்.

தாத்தா கட்டிய வீட்டைப் புதுப்பிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். செட்டிநாட்டு வீடுகளில் சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு என்று சேர்த்துப் பளிங்கு மாதிரிப் பூசியிருக்கிறார்கள். அதையெல்லாம் இன்று எல்லோரும் செய்ய முடியாது. ஆனால் சுண்ணாம்புக் காரையிலும் மண்ணிலும் கட்டிய சுவர், ஈரத்தை வாங்கி வெளியே விட்டுக்கொண்டே உயிர் வாழ்கிறது. அதன் மேல் சிமென்ட் பூசி, பட்டி பார்த்து, எமல்ஷன் அடிப்பது மூக்கைப் பொத்துகிற மாதிரி. அங்கே சுண்ணாம்புப் பூச்சும் வெள்ளையடிப்பும்தான் பொருத்தம்.

கடைசியில் பெயின்ட். கியூரிங் முடிந்து, சுவர் குறைந்தது நான்கு வாரமாவது காய வேண்டும். கிரகப்பிரவேசத் தேதியைக் குறித்துவிட்டு, ஈரச் சுவரில் பட்டி பார்ப்பதுதான் நம் ஊரில் பெயின்ட் உரிவதற்கு முதல் காரணம். தேதியை ஜோசியர் குறிக்கட்டும், ஆனால் மாதத்தைச் சுவரிடம் கேட்டுவிட்டுக் குறியுங்கள். பட்டி என்பது மயிர் போன்ற கீறலை நிரப்பத்தான். கோணல் சுவரை நேராக்க அல்ல. ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் ஏற்றினால் என்றாவது ஒரு நாள் ஏடாகக் கழன்று வரும். சுவர் நேராக இருக்க வேண்டுமென்றால் கொத்தனார் கையில் தூக்குக்குண்டு இருக்கும்போதே பாருங்கள்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் இன்னொன்று. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. டப்பாவில் பார்த்து வாங்குங்கள். அதற்கு முன் அடித்த பழைய ஆயில் பெயின்டைக் காய்ந்த நிலையில் தேய்த்துத் தூசி பறக்கவிடாதீர்கள். நனைத்துத் தேயுங்கள், அன்று குழந்தைகளைத் தாத்தா வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

நிறத்தைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அது வீட்டம்மா, பிள்ளைகள், அப்பா, அம்மா எல்லோரும் உட்கார்ந்து சந்தோஷமாகச் சண்டை போட்டு முடிவு செய்ய வேண்டியது.

நம்மில் பலர் வெளியூரில், வெளிநாட்டில் இருந்துகொண்டு, பெற்றோருக்காக ஊரில் வீடு கட்டுகிறோம். வாட்ஸ்அப்பில் வரும் படங்களில் பெயின்ட் நன்றாகத் தெரியும். டிபிசி தெரியாது. ஊறாத கல் தெரியாது. ஏழு நாள் தண்ணீர் விட்டார்களா என்பது தெரியாது. இருபது வருஷம் மாதத் தவணை கட்டப் போகிறோம். வயதான காலத்தில் அவர்கள் அந்தச் சுவருக்குப் பக்கத்தில்தான் மூச்சு விடப் போகிறார்கள். ஆகவே லீவு எடுப்பதாக இருந்தால் கிரகப்பிரவேசத்துக்கு மட்டும் எடுக்காதீர்கள். பேஸ்மட்டம் முடியும் வாரத்தில் ஒரு முறையும், பூச்சு தொடங்கும் வாரத்தில் ஒரு முறையும் வந்து நில்லுங்கள். பட்ஜெட் இடித்தால் எலிவேஷன் கல்லைக் குறையுங்கள், ஃபால்ஸ் சீலிங்கைத் தள்ளிப்போடுங்கள். பிறகு திறந்து பார்க்க முடியாத இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

சந்தேகம் இருப்பவர்கள் சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் உட்காரலாம். கன்சல்டிங் ஃபீஸ் கிடையாது, ஒரு வடை போதும்.